விற்பனை மேலாளர் சரோஜம்மாள் ஆகி மாண்ட வரலாறு

வாழ்க சென்னகிருஷ்ணன்! ஓசூர் சிப்காட்டின் புகைக்குழாய்கள் வெண்குடை பிடிக்க, கம்பெனிப் பேருந்துகள் எக்காளம் முழக்க, தமிழில் புகழ்ந்து, கன்னடத்தில் மழுப்பி, தெலுங்கில் தப்பித்துச் செல்லும் மும்மொழி வித்தகன் வாழ்க! கழுத்து டையைக் கவசமாகவும் விளம்பரத்தாளை வேதமாகவும் கொண்டு, நாடெங்கும் மிக்ஸி விற்றும், ஒருநாளும் மிக்ஸியின் பொத்தானைத் தொட்டறியாத தூயோன் வாழ்க!

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. கிருஷ்ணகிரிச் சீமையில் வேலைக்குப் போகும் பெண்கள் சிலர், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, ‘அடுப்படி’ என்றொரு மின்னஞ்சல் குழு நடத்திவந்தனர். ஒருத்தி எழுதினால் அனைவருக்கும் போய்ச் சேரும். அதில் ஃபகருன்னிசா என்னும் போச்சம்பள்ளித் தட்டச்சுக்காரி எழுதினாள்: “மிக்ஸி மூடி எகிறி, சுடச்சுட மசாலா வலது கைல கொட்டிருச்சு. ஒத்தக் கைலதான் இதை அடிக்கிறேன். மாசக் கடைசிக்குள்ள ரெண்டு கையும் வரலன்னா ஆபீஸ்ல வேற ஆள் போட்டுருவாங்களாம். வேற யாருக்காச்சும் இப்படி ஆச்சா?”

ஆயிற்று என்று அறுவர் எழுதினர். அறுவரிடமும் இருந்தது நம் வீரனின் கம்பெனி மிக்ஸியே.

செய்தி முதலாளியின் செவியை எட்டியது. மூடியைச் சோதிக்க ஆணையிட்டாரா? இல்லை. “அந்தப் பொம்பளைங்க வாயை மூடு!” என்று கர்ஜித்தார். “மூடுவேன்!” என்று சூளுரைத்த சென்னகிருஷ்ணன், பேருந்து நிலையத்தருகே உள்ள பிரௌசிங் சென்டருள் சிங்கமெனப் புகுந்து, மோடம் சங்கென ஊளையிட, மீசை முறுக்கிய முகத்தோடு, ஓசூரை அடுத்த பேரிகை ஊர் வாழ் இல்லத்தரசி சரோஜம்மாளாக அவதரித்தான். பொய்ப்பெயர் பூண்டு வஞ்சகமாய்ப் பெண்கள் கூட்டத்துள் நுழைவதை அவன் ராஜதந்திரம் என்று கருதினான். அந்த அறிவுக்கு மாதச் சம்பளமும் பெற்றான்.

சரோஜம்மாள் முழங்கினாள்: “தோழியரே! இம்மிக்ஸி எம் இல்லத்தின் பொக்கிஷம்! உறுதியான மோட்டார்! கண்கவர் வண்ணங்கள்! இன்றே வாங்கிப் பயனடைவீர்!”

எந்த இல்லத்தரசி இப்படிப் பேசுவாள் என்ற ஐயம் அவ்வீரனுக்கு எழவில்லை. ஓசூர்ப் பள்ளி ஆசிரியை ஹமீதுன்னிசாவுக்கு எழுந்தது.

“பேரிகைல எந்தப் பக்கம்க்கா? எங்க அண்ணன் வீடும் அங்கதான்” என்று முதல் கணையை எய்தாள்.

“சந்தைப் பக்கம்” என்று கேடயம் தூக்கினான் வீரன்.

கள்ளமறியா ஃபகருன்னிசாவோ, “சரோஜாக்கா, உங்க மூடி மட்டும் எப்படிக்கா எகிறாம நிக்குது? எனக்கும் சொல்லுங்க” என்று கெஞ்சினாள். அதற்குரிய விடை விளம்பரத்தாளின் முன்பக்கத்தில் இல்லை. பின்பக்கத்தில் டீலர் முகவரி மட்டுமே இருந்தது. “உயர்தரத் தொழில்நுட்பம்” என்று எழுதினான், வெந்த கைக்கு மருந்திடும் தன்வந்திரியைப்போல.

அப்போது வந்தது ஹமீதுன்னிசாவின் போர்ப் பிரகடனம்: “ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் பேரிகைக்கு வரோம். உங்க வீட்லயே அரைச்சுக் காட்டுங்க்கா.”

நடுங்கியது வீரம்! இல்லாத வீட்டுக்குப் பத்துப் பேர் விருந்தாளிகள்! பாய்வதற்கு வழியில்லை, பதுங்குவதற்குக் குழியில்லை. இறுதியில், எந்தப் போர்நூலும் உரைக்காத ஓர் உபாயத்தைக் கைக்கொண்டு, தன்னைத் தானே கொன்றான் சென்னகிருஷ்ணன். “சரோஜம்மாள் இன்று காலை மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார்” என்று அறிவித்து, ஆனந்தக் கண்ணீர் மல்க, பழக்க தோஷத்தால் அடியில் ‘இப்படிக்கு, சரோஜம்மாள்’ என்று கையொப்பமிட்டு அனுப்பியும் விட்டான்.

அடுப்படி அதிர்ந்தது. இரங்கல் வரவில்லை, சிரிப்பு வந்தது, அலையலையாய், அன்று முழுவதும். ஆனால் ஃபகருன்னிசா சிரிக்கவில்லை.

“யாருங்க நீங்க?” என்று ஒற்றைக் கையால் கேட்டாள். “நான் உங்களை நம்பித்தானே கேட்டேன்.”

அந்த இரண்டு வரிக்கு முன் டை தளர்ந்தது. வாழ்வில் முதன்முறையாக விளம்பரத்தாளைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினான் வீரன்: “என் பேர் சென்னகிருஷ்ணன். மிக்ஸி கம்பெனி ஆளுங்க. பொய் சொல்லிட்டேன். கை இப்ப எப்படி இருக்குங்க? மூடி எப்ப எகிறுது?”

“இதை மொதல்லயே கேட்டிருக்கலாமில்ல?” என்றாள் அவள். பிறகு சொன்னாள்: சூடாகப் போட்டு அரைத்தால் எகிறும். மற்ற அறுவரும் அதையே சொன்னார்கள்.

அப்பேருண்மையைத் தலைமேல் தாங்கி, ஏளனச் சிரிப்பொலி முதுகில் அம்பெனத் தைக்க, தன் சவத்தைத் தானே சுமந்து செல்லும் தனிப்பெரும் வீரனாய், ஆலையின் இரும்புக் கதவம் கடந்து, முதலாளியின் குளிரூட்டிய குகை புகுந்து, நாற்றிசையும் கேட்க, “மூடிதாங்க சார் சரியில்ல!” என்று முழங்கினான் சென்னகிருஷ்ணன்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் போச்சம்பள்ளிக்குப் போய் வேறு மூடி கொடுத்துவிட்டு வந்தார்.