சொல்ல விடாத கடைசி வரி

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பேயைப் பற்றி எழுதச் சொன்னால் மட்டும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் மாதப் பத்திரிகைக்குப் பேய்க்கதை எழுதுகிறேன் என்பது எங்கள் சபையில் யாருக்கும் தெரியாது. (தெரிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் யார் உட்கார்வார்கள்?)

என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவருக்குப் பிச்சாட்டூர் ஏரியில் மதகுக் காவல் வேலை. பாம்பைக் கையால் எடுத்துப் போடுகிறவர், நான் கதையைப் படித்துக் காட்டிய ராத்திரியில், "தோட்டத்துப் பக்கம் போவணும், நீயும் கூட வா" என்பார். எனக்குக் கிடைத்த பரிசு என்றால் அந்தப் பயம்தான்.

அவர் போய் ஒரு வருஷம் ஆனதும் வீட்டில் ஞாபகார்த்த ஜெபம் வைத்தோம். கூடம் நிறைய ஜனம். "அம்மா, அவர பத்தி ரெண்டு வார்த்த சாட்சி சொல்லுங்க" என்றார் பாஸ்டர். எங்கள் சபையில் இதற்குத் தப்ப முடியாது. எனக்கும் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

எழுந்தேன். பயந்துபோனால் எனக்குத் தெரிந்தது கதை எழுதுகிற வழிதான். பேய்க்கதையில் வந்தது யார் என்பதைக் கடைசி வரிவரை சொல்லக்கூடாது.

"மழ பேஞ்சிகினு இருந்துது," என்றேன். "வெளக்கு எரியல. கதவு மெதுவா தொறந்துது. கண்ண தொறந்து பாத்தா ஆளு இல்ல. தரையில ஈரக் காலடி மட்டும். என் கட்டிலாண்ட வரைக்கும் வந்துகீது..."

"எங்க அண்ணன் வந்துகினு போறாரா அண்ணி?" என்று கேட்டபடியே என் நாத்தனார் மயங்கிச் சாய்ந்துவிட்டாள். மருமகள் கிரேஸ் ஜூஸ் தட்டைக் கீழே போட்டாள். பாஸ்டர் ஓடிவந்து என் தலையில் கைவைத்து, "இயேசுவின் நாமத்தில் வெளியே போ" என்று அதட்டினார்.

"இல்ல பாஸ்டர், இன்னும் ஒரு வரி இருக்குது."

"ஆவிதாம்பா பேசுது, நல்லா புடிச்சிக்கோங்க" என்றார் பாஸ்டர்.

சபையே கை நீட்டி ஜெபித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். (ஆவி போய்விட்டதென்று அல்லேலூயா சொன்னார்கள். அதற்குள் பிரியாணி ஆறிப்போயிருந்தது.)

அந்த ஒரு வரி இதுதான்: ஏரியிலிருந்து நனைந்து வருகிற மனுஷன், என் தூக்கம் கெடக்கூடாதென்று விளக்குப் போடாமல் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போய், பழைய புடவைத் துணி எடுத்து வந்து தன் காலடிகளைத் தானே துடைத்துவிட்டுத்தான் படுப்பார். வேலையில் இருந்தவரை ஒரு நாளும் அதை நான் துடைத்ததில்லை.

இப்போது மழையில் யார் நனைந்து உள்ளே வந்தாலும், "அத்த, மாமா வந்துகீறாரு, பாஸ்டருக்கு போன் பண்ணட்டா?" என்பாள் கிரேஸ். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். தரையைத் துடைக்க மட்டும் கை வராது. தானாகக் காயட்டும் என்று விட்டுவிடுவேன்.