ஐந்து கட்டைக் கிட்டார்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற எங்கள் ஒழுங்கையில், கரண்ட் அண்ணையின் கண்ணில் பட்ட பிறகும் பலகையாகவே இருந்துவிட்ட பலகை ஒன்றும் கிடையாது. எல்லாம் கிட்டார் ஆகிவிட்டன.

வீடுகளுக்கு வயரிங் செய்வது அவர் தொழில். மிச்ச நேரமெல்லாம் கிட்டார். முதலில் கரம் போர்ட் போனது. பிறகு கொமட் மூடி. அதன்பின் அயன் பண்ணுகிற மேசை. "நிண்டுகொண்டு வாசிக்கலாம், சேர்ட்டும் மினுக்கலாம்" என்றார். அவருடைய மனைவி மலர் அக்கா அதை நம்பிச் சேர்ட்டை மினுக்கினார். தந்திக்குப் பதிலாகக் கட்டியிருந்த தூண்டில் நைலோன் உருகிச் சேர்ட்டின் முதுகில் ஒட்டியது. கோடு போட்ட சேர்ட் என்று சொல்லி அண்ணை அதைக் கோயிலுக்கும் போட்டுக்கொண்டு போனார்.

அம்ப்ளிஃபயரை ஒரு ரைஸ் குக்கருக்குள் அமைத்திருந்தார். சத்தம் போதாவிட்டால் மூடியைத் திறக்க வேண்டும்.

"அண்ணை, இது இன்னும் சோறு அவிக்குமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவிக்கும். பாட்டு முடியுமட்டும் பொறுக்கவேணும்."

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு தரமாவது மேடையில் இருந்து வாசிக்க வேண்டும். கல்யாண வீட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிடாமல் இல்லை, சோடனை லைட் போடக் கூப்பிட்டார்கள். போட்டு முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

அப்போது எங்கள் ஃப்ளாட்டின் வாகனத் தரிப்பிடத்தில் சரஸ்வதி பூசைக்குப் பாட்டு டீச்சரின் கச்சேரி ஏற்பாடானது. வயலின்காரருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் அண்ணை டீச்சர் வீட்டு மணியை அடித்துவிட்டார். துணைக்கு நானும் போயிருந்தேன். டீச்சர் யாருக்கும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்.

"சரி, வாங்கோ. ஆனா எனக்கு ஐஞ்சு கட்டை. மறந்திடாதேங்கோ."

"கட்டைக்கு என்ன குறை டீச்சர்? நான் கொண்டுவாறன்."

மலர் அக்காவுக்குச் செய்தி எட்டியது. "இந்த முறையும் மானம் போச்சுதெண்டால், உந்தச் சாமான் முழுக்கப் போத்தல் பத்தரக்காரனுக்குத்தான்" என்றார். பழைய போத்தலும் பேப்பரும் வாங்க ஒழுங்கைக்குள் வருகிறவரைத்தான் சொன்னார். அக்கா சொன்னால் செய்கிறவர். அண்ணை அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

பாடுகிறவர்கள் தங்கள் சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பூசையன்று கொண்டுவந்த கிட்டாரில் சரியாக ஐந்து கட்டைகள் இருந்தன. கட்டில் சட்டம், கிரிக்கெட் மட்டை, தேங்காய் திருவுகிற திருவலைப் பலகை, கதவு நிலைத் துண்டு, ஒரு பலாக்கட்டை. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

டீச்சரும் விரல் விட்டு எண்ணினார். "ஐஞ்சும் இருக்கு" என்றார்.

முதல் தட்டிலேயே பலாக்கட்டை கழன்று போனது. தந்திகளும் கூடவே போயின. பதறிப்போன அண்ணை குக்கரின் வயரைப் பிடுங்கப் போய், டீச்சரின் சுருதிப் பெட்டி வயரைப் பிடுங்கினார். அது அறுந்து கையோடு வந்தது. சனம் சிரித்தது. முன்வரிசையில் மலர் அக்கா எழுந்துவிட்டார். ரைஸ் குக்கர் மட்டும் "ம்ம்ம்ம்" என்று இரைந்துகொண்டிருந்தது. அண்ணை அதையும் நிறுத்தக் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ!" என்றார் டீச்சர். கண்ணை மூடிக் கேட்டார். "ஐஞ்சு கட்டை. ஒரு சொட்டுக் கூடுதல். பரவாயில்லை, நான் ஏத்திப் பாடுறன்."

வீட்டுக் கரண்ட் இரைகிற உயரமே கிட்டத்தட்ட அதுதானாம். எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

கச்சேரி முழுக்க அந்தச் சுருதியில்தான் நடந்தது. அண்ணை ஒரு சுரமும் வாசிக்கவில்லை. குக்கரின் கைப்பிடியைப் பிடித்தபடி, மூச்சு விடவும் பயந்து, மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முடிவில் டீச்சர் பக்கவாத்தியக்காரர்களை மைக்கில் அறிமுகம் செய்தார். மிருதங்கத்துக்குப் பெயர் சொன்னார். "சுருதி..." என்று தொடங்கி நிறுத்தினார். அண்ணையின் பெயர் அவருக்குத் தெரியாது. எங்களில் ஒருவருக்குமே தெரியாது. அண்ணையோ குக்கரை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நடேசபிள்ளை!"

மலர் அக்காதான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொல்லாத மனுசி, ஒழுங்கைக்கே கேட்கக் கத்தினார். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் இன்றைக்கும் அவரைக் கரண்ட் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பெயர் அக்கா கூப்பிடுவதற்கு.