பூவாத்தாள் எருமை பெற்ற தீவுவாசி

எங்க ஊர் மாரியம்மன் மேல ஆணை, பொள்ளாச்சிச் சந்தையில் சுழி பார்த்து வாங்கிய என் காளை மேல ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லைங்க.

தொண்ணூற்று ஆறாம் வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் குளம் நிரம்பியது. பூவாத்தாளின் எருமை, குளத்து நடுவே இருந்த மண் திட்டுக்கு நீந்திப் போய் அங்கேயே கன்று போட்டது. சேதி கேட்டு, தீவு உயிரினப் பாதுகாப்பு அதிகாரி சுந்தரராஜுலு பரிசலில் வந்திறங்கினார். கடலில்லாத கோயமுத்தூர் ஜில்லாவுக்கு அந்த ஆபீஸ் எதற்கென்று கேட்காதீங்க. ஆபீஸ் இருந்தது, தீவுதான் கிடைக்காமல் இருந்தது.

"தனித்த தீவில் தோன்றிய உயிர் வேறெங்கும் இராது. ஆகவே இக்கன்று இத்தீவின் பூர்வகுடி."

"ஏனுங்க, அது என்ற எருமை போட்ட கன்னுங்க!"

"எருமை அந்நியப் பிராணி. உடனே வெளியேற வேண்டும்."

"கன்னு வாய் வெக்காம எருமை பால் சொரக்காதுங்க. பாலில்லாம கன்னு செத்துப்போயிருமுங்க!"

அதிகாரி ஆழ்ந்து யோசித்து, காலையும் மாலையும் எருமை விருந்தாளியாக வந்து போகலாமென்று உத்தரவிட்டார். பூவாத்தாள் எருமை வாலைப் பிடித்து நீந்திப் போய்த் தீவிலேயே பால் கறந்தாள்.

அந்தத் திட்டில், நான் வேறெங்கும் பார்த்திராத பச்சை நத்தை ஒன்று மெய்யாகவே இருந்தது. அதிகாரிக்குக் காட்டினேன்.

"நத்தையா? மந்திரி வந்தால் அதற்கு எப்படி ஐயா மாலை போடுவார்?" என்றார்.

சித்திரையில் தண்ணீர் வற்றியது. "இனி என்ற கன்னு நடந்தே ஊட்டுக்கு வந்துரும்" என்று பூவாத்தாள் பூரித்தாள். அதிகாரி பதறினார்.

"தீவு தரையாவதை அரசு அனுமதிக்காது! சுற்றிலும் ஆழமாகத் தோண்டுங்கள்!"

முப்பது வருஷம் தூர் வாரச் சொல்லி மனுக் கொடுத்து ஓய்ந்த ஊர், மூச்சுக் காட்டாமல் பார்த்தது. வண்டல் மண் வண்டி வண்டியாக எங்கள் தோட்டங்களுக்குப் போனது. பச்சை நத்தையும் அதோடு போனது.

பூவாத்தாள் ஊர்த்தலைவரைச் சாட்சிக்கு இழுத்தாள். "ஐயாசாமி மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க, அது எருமைக்கன்னுதானுங்களே?"

ஐயாசாமி மண் வண்டிகளை ஒரு பார்வை பார்த்தார். "எருமையா? அம்மணி, இப்படியொரு பிராணிய என்ற ஆயுசுல பாத்ததில்ல."

அடுத்த மழைக்குக் குளம் தளும்பியது. சுற்றிலும் தோண்டிய திட்டு ஊறிச் சரிந்து மூழ்கியது. பூர்வகுடி தாய்க்குப் பின்னாலேயே நீந்தி, பூவாத்தாள் கட்டுத்தறிக்கு வந்து சேர்ந்தது. தீவைத் தண்ணீருக்கடியில் பத்திரப்படுத்தியதற்காக அதிகாரிக்குப் பதவி உயர்வும் வந்தது.

இதைச் சொன்னது யாரென்று மட்டும் வெளியே விட்டுப்போடாதீங்க. எங்க மேலக்குளமும் தூர் வாராமல் கிடக்குதுங்க. அங்கே நடுத்திட்டில் என்ற எருமை நிறைசினையாப் படுத்திருக்குது.