சாஸருக்குக் கண் பட்ட கதை

ஷட்டர் திறப்பதற்கு முன்பே மாடிப்படி நிரம்பிவிட்டது. கீழே அழகுசாதனக் கடை, ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. மேலே பொலிவம்மாவின் முகவாக்கு நிலையம், மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. டோக்கனுக்காக இரண்டு பெண்கள் தோள்பட்டையால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பொலிவம்மா முகத்தைப் பார்த்தே, உங்கள் மேல் பொறாமைப்படுவது யார் என்று சொல்லிவிடுவார். சொன்ன கையோடு ஒரு டப்பாவும் தருவார். அதற்குப் பெயர் அருள்பூச்சு. வேறொன்றுமில்லை, முகத்தில் பூசுகிற பவுண்டேஷன்தான். ஆனால் பவுண்டேஷன் என்றால் ஜனங்கள் விலை கேட்பார்கள். அருள் என்றால் கேட்க மாட்டார்கள்.

அதன் சட்டம் சுலபம். காலையில் பூச வேண்டும். மத்தியானமும் நிறம் மாறவில்லையா, உங்களுக்கு எதிரியே கிடையாது. ஆரஞ்சாக மாறிவிட்டதா, கண் பட்டுவிட்டது. நெற்றி மாறினால் வேலை செய்கிற இடத்துக் கண். வலது கன்னம் என்றால் கூடப் பிறந்தவர்கள். இடது கன்னம் என்றால் கல்யாணத்தில் வந்த சொந்தம். பரிகாரம், இன்னும் கொஞ்சம் விலை கூடின அடுத்த டப்பா. இதுவரை மாறாத முகம் என்று ஒன்றுகூட அங்கே வந்ததில்லை. உலகத்தில் அவ்வளவு பொறாமை!

இந்தக் கூட்டத்தில்தான் நம்முடைய டியூப்லைட்டும் நின்றாள். வீட்டில் வைத்த பெயர். நிறத்துக்காக வைத்ததுதான், புத்திக்காக இல்லை என்று அவளுடைய அம்மா சத்தியம் செய்வாள். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை அவளுடையது.

வெள்ளையாக இருப்பவளுக்கு என்ன கவலை என்று கேட்கிறவர்கள் ஒருநாள் அவளோடு கடைக்குப் போய்வர வேண்டும். மலிவான டப்பாக்களில் ஆக வெளிறிய நிறமே அவளைவிட இரண்டு படி கறுப்பு. அவள் நிறத்துக்கு ஒத்துவருவதன் விலைக்கு இரண்டு பல் கட்டிக்கொள்ளலாம். தப்பித்தவறி நிறமும் விலையும் ஒத்துவந்தால், முகத்து எண்ணெய் விடாது. பதினோரு மணிக்கு மூக்கில் இருப்பது, பன்னிரண்டுக்கு மோவாயில் இருக்கும். கழுத்தும் முகமும் ஒரே ஆளுடையவைதானா என்று சந்தேகம் வரும். "மத்தியானத்துக்கு மேல உங்களைப் பாத்துட்டு, அந்தம்மாவுக்கு மஞ்சள்காமாலையான்னு ஒரு பேஷண்ட் கேட்டார்மா" என்று டாக்டர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றைக்குத்தான் அவள் மாடிப்படி ஏறினாள்.

மஞ்சள் பல்பின் அடியில் அருள்பூச்சு அச்சு அசலாக ஒத்துப்போனது. அந்த பல்பின் அடியில் செங்கல்கூட ஒத்துப்போயிருக்கும். மறுநாள் காலையில் பூசி, மத்தியானம் அதே முகத்தோடு திரும்பப் போனாள். முகம் முழுக்க ஆரஞ்சு. பொலிவம்மா இடது கன்னத்தை மட்டும் தொட்டுக் கண்ணை மூடினார்.

"வீட்டுக்குள்ளயே இருக்காம்மா. உன் புருஷனோட பொறந்தவ."

டியூப்லைட்டுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முதல் நாள் டோக்கன் கொடுத்தவள், "வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?" என்று அன்பாக விசாரித்தது அவள் நினைவுக்கே வரவில்லை.

அவளுடைய நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளாதவள். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. திருடு போகாத வண்டிக்கும் தீப்பிடிக்காத குடோனுக்கும் பணம் கேட்டு வருகிறவர்களின் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்தவள். டியூப்லைட்டுக்கு வேலை வாங்கித் தந்தவளும் அவள்தான். இரண்டு பேருக்கும் ஒரே கண்ணாடி, ஒரே சீப்பு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஓயாத அரட்டை. அதெல்லாம் நின்றுபோய் ஒரு மாதம். புருஷனை நச்சரித்துத் தனி வீடும் பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. அவர்கள் போய்விட்டால் அந்த வீட்டில் நாத்தனார் ஒற்றை ஆள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் சமையலறை வாசலை மறித்துக்கொண்டாள்.

"நான் என்ன பண்ணேன்? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"ஒண்ணும் இல்லாததுக்கா வீடு பாக்குறீங்க?"

டியூப்லைட் உடைந்துவிட்டாள். "உங்க கண்ணுதான் அண்ணி! என் முகம் இப்படி ஆகுறது உங்க கண்ணாலதானாம். பொலிவம்மா சொல்லிட்டாங்க!"

நாத்தனாரின் முகம் சுருங்கிப்போனது. நல்ல அடி. அடுப்பை அணைத்தாள். பிறகு அலுவலகக் குரலில் சொன்னாள்.

"அந்த டப்பாவை எடுத்துட்டு வா."

ஒரு வெள்ளைச் சாஸர். அதில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய். அதன்மேல் ஒரு விரல் அருள்பூச்சு. நாத்தனார் அதை நன்றாகத் தேய்த்து, டியூப்லைட்டின் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

"சாவியை நீயே எடுத்துட்டுப் போ. இப்ப என் கண்ணு மட்டுமில்ல, எவ கண்ணும் இது மேல படாது."

சாயங்காலம் டியூப்லைட் தன் கையாலேயே பூட்டைத் திறந்தாள். சாஸரில் நல்ல ஆரஞ்சு. காலையில் பூசிக் கண்ணாடியில் பார்த்துக் கிளம்பி, மத்தியானம் பார்த்து அழுகிற அதே ஆரஞ்சு. அவள் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள், விளக்கடிக்குக் கொண்டுபோனாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எண்ணெய் பட்டா இந்தச் சாயம் ஆரஞ்சா மாறுது. அவ்வளவுதான் விஷயம்" என்றாள் நாத்தனார். "இல்ல, சாஸரைப் பாத்து டம்ளர் பொறாமைப்பட்டுச்சுன்னு சொல்றியா?"

டியூப்லைட்டுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனாலும் பக்தி லேசில் போகுமா? "அம்மாகிட்டயே கேட்டுடலாம் அண்ணி" என்று, சாஸரை வெகு கிட்டத்தில் போட்டோ எடுத்தாள். 'என் சிநேகிதியின் இடது கன்னம்' என்று எழுதி அனுப்பினாள். பொலிவம்மா போனிலும் வாக்குச் சொல்வார், கட்டணம் மட்டும் முன்கூட்டியே. கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"அய்யோ பாவம், இந்தப் பொண்ணு ரொம்ப நொந்துபோயிருக்கும்மா. மாமியார் கண்ணு. அதனாலதான் புள்ளை தங்கல. பெரிய டப்பாவே வேணும்."

நாத்தனார் சாஸரைப் பார்த்தாள். "அடிப்பாவி! உனக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு? எங்களுக்குச் சொல்லவே இல்லையே!"

டியூப்லைட் சிரிக்கவில்லை. ஒரு மாதம் வீணாகப் பேசாமல் இருந்துவிட்டோமே என்ற கோபம் அப்போதுதான் அவளுக்கு ஏறியது.

சனிக்கிழமை காலை, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போய், நிறைந்த கூட்டத்தின் நடுவில், அவளே சாஸரைப் பொலிவம்மாவின் மேஜையில் வைத்தாள். அந்தக் குரல்பதிவை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள். "இதுதாம்மா அந்தப் பொண்ணு. மாமியார் யாருன்னு காட்டுங்க."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பொலிவம்மா அசரவில்லை. "சாஸரை வாங்கினவங்க மேல பட்ட கண்ணா இருக்கும்மா." நம்புவீர்களோ மாட்டீர்களோ, நாலு பேர் அதற்கும் தலையாட்டினார்கள்!

டியூப்லைட் எட்டி ஜன்னல் திரையை விலக்கிவிட்டாள். பகல் வெளிச்சம் பொலிவம்மாவின் முகத்தில் விழுந்தது. அவரும் இவளைப் போலவே வெள்ளைத் தோல். முகமோ மழமழவென்று, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஒரு திட்டு ஆரஞ்சு இல்லை.

"நீங்க என்னம்மா பூசுறீங்க?"

"இதே அருள்பூச்சுதான்."

"அப்ப முகத்தைக் கழுவிட்டு இதைப் பூசிக்குங்க. மத்தியானம் வரைக்கும் நாங்க எல்லாரும் இங்கயே உக்காந்திருக்கோம்."

டப்பாவைத் திறந்து நீட்டினாள். பொலிவம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். டியூப்லைட் விரலில் தொட்டுக்கொண்டு கிட்டே போனாள். அப்போதுதான் அந்தத் திருவாய் மலர்ந்தது.

"அய்யய்யோ, கிட்ட வராதே! எனக்கு எண்ணெய் மூஞ்சிம்மா, இந்தக் கருமம் ஒத்துக்காது!"

நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். "பின்ன எதும்மா ஒத்துக்கும்?"

"கீழ்க்கடையிலதான்... எண்ணெய் கலக்காத டியூப் ஒண்ணு... மேல கொஞ்சம் பவுடர்" என்று பொலிவம்மா முனகினார். அந்த டியூபின் விலை, அருள்பூச்சு டப்பாவின் மூடி விலைகூட இல்லை.

பிறகு டப்பாக்கள் திரும்பி வந்தன, காசு திரும்பிப் போனது. பொலிவம்மா பின்பக்கப் படியில் இறங்கினார். கூட்டம் முன்பக்கப் படியில் இறங்கியது. எதற்கு? மாநிறம், கறுப்பு, சிவப்பு என்று பாராமல் அத்தனை பேரும், "அந்தம்மா பூசுற அதே கலர் நம்பர்தான் வேணும்!" என்று கீழ்க்கடையில் முட்டி மோதினார்கள்.

டியூப்லைட் மோதவில்லை. கூட்டம் கரைந்த பிறகு, கடைக்காரியிடம் கேட்டு ஒரு துளியைத் தாடை ஓரத்தில் பூசிக்கொண்டு, தெரு வெளிச்சத்தில் நாத்தனாரிடம் காட்டினாள். அப்படியே மத்தியானம் வரை இரண்டு பேரும் கடைவீதியைச் சுற்றிச் சுற்றி, ஒரு மாதத்து அரட்டையைத் தீர்த்தார்கள். பன்னிரண்டு மணிக்கும் பூச்சு பூசிய இடத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் டியூப் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கொடுக்க யாரும் போகவில்லை. "அண்ணி, மன்னிச்சிருங்க" என்று அவள் ஆரம்பித்தபோது, "சும்மா இரு, அழுதா இதுவும் வழியும்" என்று அடக்கிவிட்டாள் நாத்தனார்.

சாஸர் இப்போதும் அந்த வீட்டுச் சமையலறையில் சௌக்கியமாக இருக்கிறது. கண்ணேறு என்று பேச்சு எடுக்கிற விருந்தாளிக்கு அதில்தான் காப்பி. நீங்களும் எவரிடமும் எதையும் வாங்கிப் பூசிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்கிறவரை முதலில் பூசிக்கொள்ளச் சொல்லுங்கள். அதைக் கேட்க ஒரு சாஸர் அளவு மூளை போதும்.