எடைக்காரரும் அவர் எடைக்கு ஒரு பரங்கிக்காயும்

தன்னைவிடக் கனமான ஒரு பரங்கிக்காயை வளர்த்துக் காட்டாமல் ஓயமாட்டேன் என்று கிளம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் ஜமுனாமரத்தூரில் இருந்தார். புளி மண்டியில் எடை போடுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்தது. எடைக்காரர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

நான் சந்தவாசலில் பிறந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மண்டிக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்தேன். எனக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. ஆனால் பஸ் டிரைவர்கள் போளூரில் ஒன்றும் சாப்பிடாமல், அத்தனை வளைவையும் வெறும் வயிற்றோடு ஏறி என் கடைக்கு வந்தார்கள் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

எடைக்காரருக்குத் தினமும் காலையில் ஆறு இட்லி. ஐந்தும் கிடையாது, ஏழும் கிடையாது. மண்டியில் முதல் எடையை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அந்தப் பழக்கம் அவர் நாக்கோடு ஒட்டிக்கொண்டது. இலையில் இட்லி விழ விழ, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். ஒரு முறை சென்சஸ் எழுத வந்தவர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு, "லாபம், ரெண்டு" என்று பதில் சொன்னார். வந்தவர் மூத்த பிள்ளையின் பெயர் லாபம் என்று எழுதிக்கொண்டார்.

ஆள் ஒல்லி. சட்டை கொடியில் எப்படித் தொங்குமோ அப்படியேதான் அவர் மேலும் தொங்கும். உடம்பில் கனமான சாமான் மீசை ஒன்றுதான். நேர்மை மட்டும் எடைக்கல் மாதிரி. புளியில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தால் மூட்டையின் மேல் கையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "இது கள்ள எடை. காயவெச்சு எட்த்துனு வா" என்று திருப்பி அனுப்புவார். முதலாளியின் துண்டு நுனி தட்டில் பட்டாலும், "துண்ட எடுங்க" என்பார்.

மூட்டை தூக்கும் மாணிக்கம் ஒரு நாள் விளையாட்டாக அவரைத் தூக்கிப் பெரிய தராசின் ஒரு தட்டில் உட்காரவைத்தான். மறு தட்டில் புளி மூட்டை. எடைக்காரர் காக்கை மாதிரி மேலே போய்விட்டார்.

"இன்னாணா, ஒரு பரங்கிக்காய வெச்சாகூட நீ மேலதான் போவ போலக்கீது" என்றான் மாணிக்கம்.

வேறு யாராவது என்றால் நாலு வாய் கூடச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றப் பார்ப்பார்கள். இவர் மேலே தொங்கியபடியே யோசித்தார்.

"அந்த மாதிரி காய் இந்த மலைல ஏதுடா? நான் வளத்துக் காட்றேன். மூணு வருசம். என்னவிட ஒரு குண்டுமணி கூட இருக்கணும். இல்லன்னா இந்த மீசைய எடுத்துட்றேன்."

இறக்கிவிட்டதும் நேரே மலைக் குடியானவர் ஒருவரிடம் போய் விதை வாங்கிவந்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஆட்டுப் புழுக்கையைக் கொட்டிக் குழி போட்டார். காலையில் ஆண் பூவைப் பறித்துக்கொண்டுபோய்ப் பெண் பூவில் தொடவைப்பார், சம்பந்தம் பேசப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. கொடிக்கு ஒரு காய்தான். மற்றப் பிஞ்சையெல்லாம் கிள்ளி என் கடைக்குக் கொடுத்துவிடுவார். மூன்று மாதத்துக்கு என் சாம்பாரில் பரங்கிப் பிஞ்சு தவிர வேறு காய் கிடையாது.

முதல் வருஷம் காய் குடம் அளவுக்கு வந்தது. அதைப் பார்க்க வந்த பஸ் கண்டக்டர், "இதுவா?" என்று ஆள்காட்டி விரலை நீட்டிவிட்டார். வளர்கிற காயை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, மடக்கித்தான் காட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். எட்டாம் நாள் காய் அழுகியது. அதற்கப்புறம் ஒரு வருஷம் எடைக்காரர் அந்தக் கண்டக்டரின் பஸ்ஸில் ஏறவில்லை. சந்தவாசலுக்குப் போவதென்றாலும் நடந்தே மலை இறங்கினார்.

இரண்டாம் வருஷம் முள்ளம்பன்றி வந்து பாதியைத் தின்றுவிட்டுப் போனது. மிச்சத்தைத் தூக்கிக்கொண்டுவந்து எடை போட்டார்.

"பாதியே இவ்ளோன்னா முழுசு எவ்ளோ இருக்கும், பாத்துக்க" என்றார் மாணிக்கத்திடம்.

"அப்ப முள்ளம்பன்னியையும் புட்ச்சு இந்தப் பக்கம் உக்கார வையேன்" என்றான் அவன்.

மூன்றாம் வருஷம் சுற்றிலும் முள் வேலி போட்டார். வருகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். காய்க்கு அடியில் சாமை வைக்கோல் மெத்தை. வெயில் ஏறினால் தன் வேட்டியை நனைத்து அதன் மேல் போர்த்துவார். தை மாதம் வந்தபோது அது காயாகவே இல்லை, கன்றுக்குட்டி படுத்திருப்பது போல இருந்தது.

சந்தை நாளில் எடை. காயை நாலு பேர் கோணியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மலை ஊர்க்காரர்களெல்லாம் சாமையையும் தேனையும் விற்பதை விட்டுவிட்டு மண்டி வாசலில் கூடிவிட்டார்கள். எடைக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தட்டில் உட்கார்ந்தார். மறு தட்டில் காயை வைத்தார்கள்.

காய் கீழே இறங்கியது. எடைக்காரர் மேலே போனார்.

சந்தையே கத்தியது. முதல் ஆளாக விசிலடித்தவன் மாணிக்கம்தான். ஆனால் மேலே தொங்கிய மனிதர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இட்லிக்காரம்மா, நான் காலைல சாப்ட்டனா?"

"இல்லீங்கணா. கடைப் பக்கமே வரலியே."

"அப்ப இது கள்ள எடை. எறக்குங்கடா."

தண்ணீர் தெளித்த புளிக்கு ஒரு நியாயம், காலி வயிற்றுக்கு ஒரு நியாயமா என்று கேட்டுவிட்டு, என் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே ஓடிவந்த மாணிக்கம் அடுப்படியில் என் காதோடு சொன்னான்.

"யக்கா, அவரு எண்ணிக்கினேதான் துன்னுவாரு. ஆறுல கொறைக்க முடியாது. நீ மாவ மட்டும் கொஞ்சம் கம்மியா ஊத்துக்கா. மீச போயிடும்க்கா."

"என் கடைல அந்த வேலையே கெடையாது, போடா" என்றேன். அவன் அப்படிக் கேட்ட கோபத்தில் வழக்கத்தைவிடத் தாராளமாகவே ஊற்றினேன்.

"லாபம், ரெண்டு, மூணு" என்று ஆறையும் சாப்பிட்டார். அதே கொடியில் கிள்ளிய பிஞ்சு போட்ட சாம்பார். ஒரு சொம்பு தண்ணீர். எழுந்துபோய் மறுபடியும் தட்டில் உட்கார்ந்தார்.

தராசு முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. பிறகு அவர் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்து நின்றது. அதை முதலில் பார்த்ததும் அவர்தான்.

"காய் தோத்துட்ச்சு" என்றார், மற்றவர்களின் புளிக்கு எடை சொல்கிற அதே குரலில்.

முதல் எடையே செல்லும் என்று ஊரே வாதாடியது. அவர் கேட்கவில்லை. சந்தைக்கு வந்திருந்த நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்து மீசையைக் கொடுத்தார்.

"ணா, இப்ப மீச இல்லாம ஒருவாட்டி ஏறி உக்காருணா" என்று மாணிக்கம் கெஞ்சினான்.

"பந்தயம் முட்ஞ்ச பின்னால எடை கெடையாது" என்று சொல்லிவிட்டு, காயைத் தன் கையாலேயே உடைத்துச் சந்தை முழுவதுக்கும் பத்தை போட்டார்.

மறுநாள் காலை யாரோ ஒருவர் கடைக்கு வந்து உட்கார்ந்தார். வெளியூர் ஆள் என்று நினைத்து, "வாங்க, இன்னா சாப்பிட்றீங்க?" என்று கேட்டேன். இட்லி இலையில் விழுந்ததும் அவர் "லாபம்" என்றார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம்தான். அதற்கப்புறம் அவர் விதை ஊன்றவில்லை, மீசையும் வைக்கவில்லை.

நாற்பது வருஷம் கடை நடத்தினேன். அளவில் குறை என்று ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. அந்தச் சந்தை நாளில் மட்டும், ஆறு குழிக்கும் அரைக் கரண்டி மாவு குறைத்து ஊற்றியிருக்கலாம்.