பதில் மணி வராத கச்சேரி

உலகத்தில் ஒரு சத்தமும் எழுப்பாமல் சம்பளம் வாங்கும் இசைக்கலைஞர் யார் என்றால் ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர்தான். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஊதுவார்கள், இழுப்பார்கள், தட்டுவார்கள். அவர் நடுவில் நின்று காற்றில் கை வீசுவார். கைதட்டல் வந்ததும் முதலில் குனிந்து வணங்குவதும் அவர்தான். நான் பல வருஷங்களாக இந்தப் பிழைப்பில் இருக்கிறேன். மேடையில் வாத்தியங்களுக்கு நடுவே வாயைத் திறந்து பேசியது ஒரே ஒரு தடவை. அதுவும் இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்காக எங்கள் வீட்டில் இன்னும் என்னை விட்டபாடில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில். சர்ச்சில் வயலின் சொல்லிக்கொடுத்த டீச்சர் புண்ணியத்தில் வில்லைப் பிடித்து, பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து படித்து, கடைசியில் கண்டக்டர் ஆகப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா ஓடி வந்து, "கவர்மெண்ட் பஸ்ஸா, பிரைவேட்டா?" என்று கேட்டார். (கவர்மெண்ட் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே நல்ல வரன் வந்திருக்கும்.)

நைனா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்த எங்கள் ஆட்களில் பலர் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். சுரங்கம் மூடும்வரை அவர் பார்த்தது ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் நின்று மணி அடிக்கிற வேலை. ஆட்களைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு மணி அடிப்பார். கேஜை இறக்குகிற டிரைவர் தூரத்தில் இன்ஜின் ரூமில் இருப்பார். அவருக்கு ஆள் தெரியாது, கேஜ் தெரியாது, மணி ஒன்றுதான் கணக்கு. மூன்று மணி என்றால் ஆள் ஏறியிருக்கிறது. இரண்டு என்றால் இறக்கு. ஓடுகிற கேஜுக்கு ஒரு மணி என்றால் நிறுத்து. இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயது, தலைக்கனத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. உலகத்தின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களை எல்லாம் நடத்திய வெளிநாட்டுக் கண்டக்டர் ஒருவர் பெங்களூர் வந்திருந்தார். தன்னோடு ஊர் ஊராகச் சுற்ற ஒரு உதவிக் கண்டக்டரைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடம் கிடைத்தால் என் வாழ்க்கையே வேறு. கிடைக்காவிட்டால் கல்யாண ரிசப்ஷன்களில் வயலின் வாசித்துக்கொண்டே கிழவி ஆகிவிட வேண்டியதுதான். எங்கள் சிறிய ஆர்க்கெஸ்ட்ராவை நான் நடத்துவதைப் பார்க்க அவர் சம்மதித்தார். கச்சேரியைப் பெங்களூரில் வைத்திருக்கலாம். என் மண்ணில்தான் வைப்பேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அதற்காக ஒரு கறுப்புக் கோட்டு வேறு தைத்தேன். ஆழ்ந்த பார்வை ஒன்றைக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தேன். (என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, வயிற்று வலியா என்று ஓமத் தண்ணீர் கொண்டுவந்தாள்.)

கச்சேரியின் கடைசி உருப்படி மெதுவான ஒன்று. வயலின்கள் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதியில் மணி மூன்று முறை ஒலிக்கும். பிறகு நீண்ட மௌனம். மூச்சு விடுவது கேட்கும். அதன் பின் வயலின்கள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி மெல்ல ஆரம்பிக்கும். அந்த மௌனத்தைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவர்தான் கண்டக்டர். அந்த வெளிநாட்டுப் பெரியவர் பார்க்கப்போவது அதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

கச்சேரி அன்று காலை, மணி அடிக்கிறவருக்குக் காய்ச்சல். மணி பஸ்ஸில் வந்து இறங்கியது, ஆள் வரவில்லை. வாத்தியக்காரர்கள் ஆளுக்கு ஒரு வாத்தியத்தோடு இருந்தார்கள், கை காலியாக ஒருவரும் இல்லை. ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நைனாதான் வந்து நின்றார்.

"இன்னா பாப்பா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

சொன்னேன்.

"மணிதானே? நான் அடிக்கிறேன். இன்னா, மூணா?"

சட்டத்தில் தொங்கிய நீளக் குழாயை அவர் சந்தேகமாகத் தட்டிப் பார்த்தார். "இதுவா பெல்லு? பைப்பு மாதிரி கீதே" என்றார். ஒத்திகை பார்த்தோம். நான் அவரைப் பார்த்தால் மூன்று அடி, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் இம்மி பிசகாமல் அடித்தார். ஒவ்வொரு தடவையும் நான், "சரி நைனா" என்றேன். அவரும் சுத்தியலை இறக்கிவிட்டு நின்றார். இவ்வளவு ஒழுங்கான வாத்தியக்காரரை நான் பார்த்ததே இல்லை என்று பெருமைப்பட்டேன்.

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. சாம்பியன் ரீப்ஸ், ஸ்கெலட்டன், பாலகாட் என்று தங்கவயலின் எல்லாப் பகுதியிலிருந்தும் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்கள் வந்திருந்தார்கள். முன் வரிசை நடுவில் வெளிநாட்டுப் பெரியவர். அவருக்கு நேர் பின்னால் கோபால் மாமா, கைத்தடியோடு. அவர் இன்ஜின் ரூமில் டிரைவராக இருந்தவர். நைனா அடித்த மணிக்குக் கேஜை ஏற்றி இறக்கியவர் அவர்தான். ஒருவரை ஒருவர் பார்க்காமல் மணியாலேயே பேசிக்கொண்ட சிநேகம் அது.

முதல் பாதி நன்றாகவே போனது. பெரியவர் இரண்டு தடவை தலையாட்டினார். கடைசி உருப்படி ஆரம்பித்தது. வயலின்கள் ஏறின, ஏறின, நின்றன. நைனாவைப் பார்த்தேன். சலவைச் சட்டையில் விறைப்பாக நின்றவர் அடித்தார். டங், டங், டங். நல்ல கணீரென்ற மூன்று மணி. ஹாலில் ஒரு சின்ன அசைவு. அப்புறம் மௌனம். என் வாழ்நாள் மௌனம். நான் கைகளை உயர்த்திப் பிடித்தபடி, பழகி வைத்திருந்த ஆழ்ந்த பார்வையை எடுத்து மாட்டினேன்.

நைனாவின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. குழாயைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அடித்தார், டங், டங், டங்.

ஒத்திகையில் நான் சொன்ன "சரி நைனா"வின் பொருள் அந்த நொடியில்தான் விளங்கியது. சுரங்கத்தில் மணி அடித்தால் பதில் மணி வர வேண்டும். மூன்று அடித்தால் டிரைவர் திருப்பி மூன்று அடிப்பார். பதில் வராமல் ஒரு மனுஷன் நகரக் கூடாது, பதில் வராமல் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. பகல் முழுக்க பதில் சொன்னது என் வாய். இப்போது அது பசை போட்ட மாதிரி மூடியிருந்தது. நைனா ஆள் ஏற்றிவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

அவர் மட்டுமில்லை, ஹாலே காத்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை மூன்று மணி அடித்தும் பதில் இல்லை என்றால் இன்ஜின் ரூமில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். வயதானவர்கள் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். பெரியவர் திரும்பிப் பார்த்து, இந்த ஊரில் இந்த இடத்தில் எழுந்து நிற்பது மரபு போலிருக்கிறது என்று தானும் எழுந்து நின்றார். வயலின்காரர்களின் வில்கள் தந்திக்கு மேலே அந்தரத்தில் நடுங்கின. நைனா மூன்றாம் தடவை சுத்தியலை ஓங்கினார்.

கோபால் மாமாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கைத்தடியால் இரும்பு நாற்காலிக் காலில் தட்டினார். டக், டக், டக்.

நைனாவின் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவே மாட்டேன். பதில் வந்துவிட்டது. அடுத்து என்ன? முப்பது வருஷப் பழக்கம் கையில் இருந்தது. டங், டங். இறக்கு.

எங்கள் உருப்படியில் இரண்டு மணி என்பதே கிடையாது. வயலின்காரர்களில் பாதிப் பேர் இதுதான் சைகை என்று வாசிக்க ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் என்னைப் பார்த்தார்கள். செல்லோ வாசித்தவர் வேறு ஏதோ பக்கத்துக்குப் போய்விட்டார். நான் பதறிப்போய் நைனாவைப் பார்த்து, ஒரு நிமிஷம் பொறு என்கிற அர்த்தத்தில் ஒரு விரலைக் காட்டினேன். (இதைவிடப் புத்திசாலித்தனமான காரியத்தை நான் செய்ததே இல்லை.)

நைனா ஒரு மணி அடித்தார். நிறுத்து.

எல்லாரும் நின்றார்கள். வயலின், செல்லோ, புல்லாங்குழல், ஹால், எல்லாம். நானும் கைகளைத் தொங்கப் போட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். வேலை போச்சு, மானம் போச்சு, கோட்டுத் தைத்த கூலியும் போச்சு. அந்த மயான அமைதியில் நைனா கவலையோடு, ஹாலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி கேட்டார்.

"இன்னா பாப்பா, மேலயா, கீழயா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பதற்கான கேள்வி இல்லை என்று அந்த ஹாலுக்குத் தெரியும். ஆள் ஏறிய கேஜ் நடுவழியில் நிற்கிறது. நான் யோசிக்கவே இல்லை. வாயில் தானாக வந்தது.

"மேல, நைனா."

அவர் தலையாட்டினார். முறைப்படி மறுபடியும் முதலிலிருந்து. டங், டங், டங். நான் கைகளைத் தூக்கினேன், இந்த முறை கோபால் மாமாவைப் பார்த்தேன். டக், டக், டக் என்று நாற்காலிக் காலிலிருந்து பதில் வந்தது. நைனா அடுத்த மணிக்குச் சுத்தியலைத் தூக்குவதற்குள் நான் கையை இறக்கினேன். வயலின்கள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி மெல்ல ஆரம்பித்தன. நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசி வரை ஒரு பிசிறு இல்லை.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து எல்லாவற்றையும் விசாரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கையைத் தொங்கப் போட்டீர்கள். கண்டக்டர் அதைச் செய்யக் கூடாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். நைனாவின் கையை மட்டும் நெடுநேரம் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு எனக்கு நைனா மேல் இருந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் பெரியவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. போகிற ஊரில் எல்லாம், விருந்து மேசையில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். மறு வருஷம் எங்கோ ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் கண்டக்டர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட, அவசரத்துக்கு யார் என்று தேடியபோது யாரோ, "அந்த மணிக்காரரின் மகளைக் கூப்பிடலாமே" என்றார்களாம். அப்படித்தான் கிளம்பினேன். இன்று வரை திரும்பிப் பார்க்கவில்லை. மௌனத்தை இவளைப் போலத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். நான் பதில் மணிக்குக் காத்திருக்கிறேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

வீட்டில் கதை வேறு மாதிரி ஓடுகிறது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டு யாரும் எழுந்திருக்காவிட்டால் தட்டில் கரண்டியால் மூன்று தடவை தட்டுவாள். லிஃப்டில் ஏறினால் என் தம்பி பிள்ளைகள் பொத்தானை அமுக்காமல், "இன்னா பாப்பா, மேலயா, கீழயா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் அமுக்குவார்கள். கோபால் மாமா இப்போது இல்லை. அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன நைனா, அந்தக் கைத்தடியைக் கேட்டு வாங்கி வந்து கதவோரம் சாத்தி வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் எந்த ஊரிலிருந்தாலும் நைனாவுக்கு போன் போடுவேன். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் கைதட்டினார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"எல்லாரும் மேல வந்துட்டாங்களா?" என்பார்.

"வந்துட்டாங்க, நைனா" என்பேன்.

அந்தப் பக்கம் தரையில் கைத்தடியால் மூன்று தடவை தட்டுகிற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் போனை வைப்பார்.