டங் மாமாவின் டாஃபி

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களையெல்லாம் சொந்தப் பகையாளியாக நினைத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, பொழிச்சலூர் டங் மாமாதான்.

என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன்; வீட்டுப் பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் மாமா. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மொத்தக் குடும்பமும் அவர் வீட்டில் கூடிச் சாக்லேட் டாஃபி கிண்டுவோம். சர்க்கரையும் வெண்ணெயும் கோகோவும் கொதிக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, எவர்சில்வர் தட்டில் போடுவார். 'டங்' என்று கேட்டால்தான் முந்திரியைக் கொட்டி இறக்குவார். அதுவரை மிக்ஸி, டிவி, தும்மல் எல்லாவற்றுக்கும் தடை. சரியாக அந்த நேரம் பார்த்து மாடிக்கு மேல் விமானம் போகும். கரண்டியோடு வாசலுக்கு ஓடி, "டேய், உனக்கு வேற ரூட்டே இல்லியாடா?" என்று வானத்தைப் பார்த்துக் கத்துவார். அப்படி ஓடி ஒருமுறை டாஃபி கருகித் தாராகிவிட்டது. பழி பைலட் மேல்.

போன கிறிஸ்துமஸுக்கு மாமா அடுப்புப் பக்கமே வரவில்லை. காது மந்தமாகிவிட்டது. அவர் பிள்ளைகள் வாங்கித் தந்த காது மெஷினை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"டங் கேக்கல மாப்ள. கேக்காம இறக்குனா அது டாஃபி இல்ல, பாயசம். இத்தோட நிறுத்திக்கலாம்" என்று ஹாலில் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் யார்? எட்டாவது தாண்டாதவன், ஆனால் தாம்பரம் குரோம்பேட்டையில் பாதி வீடு நான் கட்டியது. செங்கல்லோடு செங்கல்லைத் தட்டியே வெந்ததா வேகாததா சொல்கிற காது இது.

"நகரு ஸ்டெல்லா. செங்கல்லை விடவா இது பெரிய சரக்கு?"

"ஐயோ, சிமெண்ட் கலவை இல்லைங்க அது, அடிபிடிக்கும்!"

ஒரு சொட்டைத் தட்டில் போட்டேன். விமானம் வந்தது. இன்னொரு சொட்டு. இன்னொரு விமானம். எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். இவ்வளவு பேசிய காது, கேட்கவில்லை என்று சொல்லுமா? வானம் ஓய்ந்து 'டங்' கேட்டபோது, வெற்றி வீரனாக முந்திரியைக் கொட்டி இறக்கினேன்.

ஆறியதும் கத்தி இறங்கவில்லை. வளைந்தது. பூரிக்கட்டை விரிசல் விட்டது. கடைசியில் என் காரிலிருந்து சுத்தியல் வந்தது. ஓங்கி ஒரே போடு. தெருநாய்கள் குரைத்தன.

ஹாலிலிருந்து மாமா துள்ளி எழுந்து ஓடி வந்தார். "மாப்ள! கேட்டுச்சு! டங் கேட்டுச்சு!"

ஒரு சில்லை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். "பதம் எப்பவோ தாண்டிப்போச்சு. செங்கல்லு சுட்டு வெச்சிருக்கியே" என்றார். சிரிப்பு மட்டும் அடங்கவே இல்லை.

இந்த வருஷமும் நான்தான் கிண்டப் போகிறேன். ஸ்டெல்லா முறைத்தாலும் சரி, பதம் தாண்டித்தான் இறக்குவேன். அவருக்குக் கேட்க வேண்டுமே.